தலைவருக்குள்ளும் கலவன் முளைக்கும்

மாப்பிள்ளைச் சம்பாவையோ கிச்சிலிச் சம்பாவையோ விதைக்காக வளர்க்கிறவர்களுக்குக் கலவன் என்றால் என்னவென்று தெரியும். யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. பக்கத்து வயலை அறுத்துவிட்டு வந்த இயந்திரத்தில் நாலு நெல் ஒட்டியிருக்கும். சரியாக உதறாத சாக்கில் கொஞ்சம் தங்கியிருக்கும். முதல் வருஷம் கண்ணுக்கே தெரியாது. மூணாவது வருஷம் பார்த்தால், நம்ம வயல்ல யார் நெல்லோ நிக்கும்.

நம் உழவர் குழுக்களின் தலைவர்களுக்கும் இப்படித்தான் ஆகிறது என்பது என் கருத்து. குழுப் பணத்தைக் கையாடுகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. நேர்மையானவர், உழைப்பாளி என்று நாமே தேர்ந்தெடுத்த ஆட்களைப் பற்றித்தான் சொல்கிறேன். பொறுப்புக்கு வந்த பிறகு அவருடைய நாட்கள் எங்கே கழிகின்றன என்று பாருங்கள். காலையில் மண்டி, மதியம் ஏதாவது ஓர் அலுவலகம், சாயங்காலம் கூட்டம். சொந்த வயலுக்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் போகிறார். யாரோடு பழகுகிறோமோ அவர்கள் பேச்சும் போக்கும் நமக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் தெரியாது.

மண்டியிலிருந்து வருவது முதல் பழக்கம். ஈரப்பதமானியை வைக்காமல், கையால் அள்ளிப் பார்த்து "ஈரம் இருக்கு, ரெண்டு கிலோ கழிச்சுக்கலாம்" என்பது. பில்லுக்குப் பதில் துண்டுச்சீட்டு தருவது. பணம் கேட்டால் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பது. இதிலிருந்து தப்பிக்கத்தானே குழுவே ஆரம்பித்தோம்? எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், தலைவர் இதே வார்த்தைகளைத் தன் உறுப்பினரிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அவர் ஒரு பைசா எடுக்கவில்லை. வியாபாரி தன்னிடம் பேசிய மாதிரியே அவரும் பேசினார், அவ்வளவுதான். ஆனால் அந்த உறுப்பினர் அடுத்த போகத்து நெல்லை நேராக வியாபாரிக்கே போட்டுவிட்டார். "ரெண்டு பேரும் ஒண்ணுதான், அவராவது உடனே காசு தர்றாரு" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாவது, அலுவலகப் பழக்கம். வந்தவரைக் காக்க வைப்பது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதுவது. வயலுக்குப் போகாமலே படிவத்தை நிரப்புவது. இதில் கடைசியாகச் சொன்னது நம் அடிமடியிலேயே கை வைக்கும். பி.ஜி.எஸ். சான்று என்பது குறைந்தது 5 உழவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர்கள் நேரில் போய்ப் பார்த்து உறுதி சொல்வது. வரப்பில் நடக்காமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பிய படிவத்தை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்கு அரிசி வாங்குகிறாள் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, மேடைப் பழக்கம். தாமதமாக வருவது, பொன்னாடை வாங்குவது, பேசுவது, மற்றவர் பேசும் முன் கிளம்புவது. இதற்கு நாமும் உடந்தை. "தலைவர்னா அப்படித்தான் இருப்பாரு" என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

"அப்போ வியாபாரியையும் அதிகாரியையும் பார்க்காம குழு நடத்த முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. பார்த்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் கலவன் எடுக்கும் வேலையை மற்றவர்கள் செய்ய வேண்டும் என்கிறேன். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் கணக்குப் பொறுப்பில் இருந்தவர் ஜே.சி.குமாரப்பா. காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். காந்தியிடமே அப்படிச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். நம் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா?

உற்பத்தியாளர் கம்பெனிச் சட்டமும் நம் பக்கம்தான். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உழவர் ஒருவருக்கு ஒரே ஓட்டு. இயக்குநர் பதவிக்காலமும் 5 ஆண்டுக்கு மேல் கிடையாது. சட்டம் கொடுத்ததை நாம் பயன்படுத்துவதில்லை. பேரத்துக்குத் தலைவர் தனியாகப் போக வேண்டாம். ஒவ்வொரு முறையும் வேறொரு உறுப்பினர் கூடப் போகட்டும். எடையும் கழிவும் எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதப்படட்டும். மாதக் கூட்டத்தில் வரவு செலவை வாய்விட்டுப் படிக்கட்டும்; தலைவர் கடைசியாகப் பேசட்டும். வயல் பார்வைக்கு அவரும் நம்மோடு நடக்கட்டும். முக்கியமாக, அவர் பேச்சில் மண்டி வாடை அடித்தால் வெளியே போய்ப் புறம் பேசாமல், "அண்ணே, இது நம்ம பேச்சு இல்லையே" என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.

கதிர் வரும்போதே கலவனைப் பிடுங்குவது லேசு. நெல் களத்துக்கு வந்துவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது.