படிக்காமல் விட்ட கற்கள்

ஊர் நுழைவாயிலில் வளைவு கட்டுகிறோம். ‘அன்புடன் வரவேற்கிறது’ என்று எழுதி, கட்டிக்கொடுத்தவர் பெயரை ஊர்ப் பெயரைவிடப் பெரிதாகப் போடுகிறோம். நெடுஞ்சாலைத் துறை பச்சைப் பலகையில் கிலோமீட்டர் எழுதி வைக்கிறது. கொடிக்கம்பத்துக்கும் பேனருக்கும் பஞ்சமில்லை. அந்த ஊரில் என்ன நடந்தது என்று இவற்றில் ஒன்றாவது சொல்லுமா? சொல்லக்கூடிய கல், வட தமிழ்நாட்டில் பல ஊர்களில், அதே சாலையோரப் புதருக்குள் நிற்கிறது. அதை நாம் படிக்காமல் விட்டுவிட்டோம்.

சண்டையில் மாண்டவர் நினைவாக நட்ட நடுகல்லைத்தான் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த கல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழசு. ஆயுதம் ஏந்திய வீரன், பக்கத்தில் ஒரு நாய். கருந்தேவகத்தி என்பவன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் மாண்டான் என்கிறது எழுத்து. அதோடு விடவில்லை. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் உண்டு. இந்தக் கற்களில் அரசன் பெயர் வருவது ஆண்டுக் கணக்குக்காக. கதை மாடு காத்தவனுடையது.

மாடு கவர்வதையும் மீட்பதையும் ஆகோள், வெட்சி, கரந்தை என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்த கூட்டம் நாம். ஆகோளில் இறந்த ஒருவனைப் பெயரோடு சொல்லும் தமிழ்பிராமிக் கல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்தது. நம்மில் எத்தனை பேர் அந்த ஊர்ப் பெயரையாவது கேட்டிருக்கிறோம்?

இத்தனை காலம் இந்தக் கற்களைக் காப்பாற்றியவர்கள், வேடியப்பன் என்று பெயர் சொல்லி எண்ணெய் பூசிப் பொங்கல் வைத்த குடும்பங்கள். படித்த நாம் ‘ஏதோ சிறுதெய்வம்’ என்று தாண்டிப் போனோம். வாய்க்கால் மேல் பாலமாகப் போட்டோம், துணி துவைத்தோம். சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன் கல்லைப் புரட்டியபோது ஏனென்று கேட்கவில்லை. கையில் காசு வந்த பிறகு பக்தியும் கேடாகத்தான் முடிந்தது: சிமெண்ட் பீடத்துக்குள் கல்லின் அடி புதைந்தது, எழுத்தின் மேல் எனாமல் பெயிண்ட் ஏறியது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், எழுத்து போனது போனதுதான்.

தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் என்பது நம் வழக்கமான சமாதானம். துறை தன் பங்குக்குச் செங்கம் வட்டாரக் கற்களைப் படித்து 1970களிலேயே நூலாக வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறை. உள்ளூர் ஆசிரியருக்கும் அது புரியாது. படித்துச் சொன்ன வாசகம் நூலக அலமாரியில் இருக்க, கல்லுக்குப் பக்கத்தில் அதைச் சொல்ல ஒரு தகரப் பலகைகூட நாம் வைக்கவில்லை. இதற்குத் துறை எதற்கு? வளைவுக்கு வசூலித்ததில் மிச்சம் பிடித்தாலே போதும்.

உங்கள் ஊர்க் கல்லைச் சுரண்டாதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே படித்த கல் என்றால், வாசகத்தை இன்றைய தமிழில் எழுதிப் பக்கத்தில் பலகை வைக்க ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள்.