சொந்தத்தில் கல்யாணமா? பத்துப் பொருத்தத்தோடு இந்தப் பரிசோதனையும் வேணும்!

"சொத்து வெளியே போகாது, பொண்ணும் கண்ணு முன்னாடியே இருப்பா." சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசும் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதப் பெண்கள் உறவினரையே மணந்திருக்கிறார்கள். நாட்டிலேயே அதிகம் இங்கேதான்.

இதைக் கேட்டதும் "இந்தக் காலத்துலயுமா?" என்று திட்டுவது ஒரு ரகம். "தாத்தா காலத்துல இருந்து பண்றோம், எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க" என்று சமாளிப்பது இன்னொரு ரகம். இரண்டாலும் பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்தப் பயனும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ரெண்டு பேரும் ரத்தப் பரிசோதனை பண்ணியாச்சா?

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. சில மரபணுக்களில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த நபருக்கு நோய் வராது. அவர் 'கேரியர்' மட்டுமே.

கணவன், மனைவி இருவருமே ஒரே மரபணுவில் பழுதுள்ள கேரியர்கள் என்றால்தான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. கேரியராகப் பிறக்க 50 சதவீதம். எதுவும் இல்லாமல் பிறக்க 25 சதவீதம். "முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, அடுத்ததுக்கு வராது" என்ற கணக்கு இங்கே செல்லாது.

இப்படிச் சில பழுதுகள் எல்லோரிடமும் உண்டு. அந்நியர் இருவரின் பழுதுகள் பெரும்பாலும் வேறு வேறு மரபணுக்களில் இருக்கும். மாமன் மகள், அத்தை மகனுக்கோ ஒரே தாத்தா பாட்டி. மரபணுக்களில் சராசரியாக 12.5 சதவீதம் இருவருக்கும் பொது. தாய்மாமன், அக்கா மகள் என்றால் 25 சதவீதம். பிரிட்டனின் பிராட்ஃபோர்ட் நகரில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு பொதுவாக 3 சதவீதமாகவும், பெற்றோர் ஒன்றுவிட்ட சகோதர உறவினராக இருந்தால் 6 சதவீதமாகவும் இருந்தது. இரு மடங்குதான். ஆனால் சுமார் 94 சதவீதக் குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் இதே கணக்குதான். "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க" என்று தோன்றுவது இதனால்தான்.

வீட்டில் சொல்லும் மூன்று சமாதானங்கள்

"ரத்த குரூப் வேற வேற, பிரச்னை இல்ல." ரத்த வகைக்கும் இந்தப் பழுதுகளுக்கும் சம்பந்தமே இல்லை.

"எங்க பரம்பரையிலேயே இந்த நோய் கிடையாது." கேரியருக்கு நோய் தெரியாது. பழுது பல தலைமுறைகள் சத்தமில்லாமல் கடந்து வரும்.

"அத்தை பையன்தானே, சித்தப்பா பையன் இல்லையே." முறை பார்ப்பது சமூகம். மரபணுவுக்கு அத்தை பையனும் சித்தப்பா பையனும் ஒரே தூரம்தான்.

அப்போ வெளியில் கட்டினால் சரியா?

அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. தலசீமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 100 பேரில் 3, 4 பேர் இதன் கேரியர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. சொந்தமே இல்லாத இருவரும் கேரியர்களாக இருக்கலாம். நோயுள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். கருவில் இருந்த ஹீமோகுளோபின் குறைந்து, புது ஹீமோகுளோபின் உருவாக வேண்டிய ஆறாவது மாதத்துக்குப் பிறகுதான் சோகை தெரியவரும். அதன்பின் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் இதயத்திலும் கல்லீரலிலும் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து. ஒரு குடும்பத்தின் வேலை, வருமானம், தூக்கம் எல்லாமே இதைச் சுற்றி மாறிவிடும்.

எனவே பரிசோதனை சொந்தத்தில் கட்டுபவர்களுக்கு மட்டுமானது அல்ல. சைப்ரஸ் நாட்டில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் தலசீமியா கேரியர். அங்கே 1980-களில், திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்று தேவாலயமே கேட்கத் தொடங்கியது. இருவரும் கேரியர் என்று தெரிந்த பிறகும் பெரும்பாலான ஜோடிகள் கல்யாணத்தை நிறுத்தவில்லை. கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே கருவைப் பரிசோதித்து முடிவெடுத்தார்கள். நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இல்லை என்ற நிலைக்கு வந்தது.

என்ன செய்யலாம்?

முழு ரத்த அணுப் பரிசோதனையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையும் முதல் படி. கேரியரின் லேசான சோகையை இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து மாத்திரை கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. எனவே வெறும் ஹீமோகுளோபின் அளவு போதாது. அதேசமயம், இந்தப் பரிசோதனை ரத்தம் சார்ந்த கோளாறுகளை மட்டுமே காட்டும். சொந்தத்தில் மணப்பவர்களும், குடும்பத்தில் பிறவிக் காது கேளாமை, சிறுவயது மரணங்கள் உள்ளவர்களும் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அவசியம்.

முக்கியமானது நேரம். மண்டபம் புக் ஆகி, பத்திரிகை அடித்த பிறகு வரும் ரிப்போர்ட்டை யாரும் நிதானமாகப் படிக்க மாட்டார்கள். பெண்ணை மட்டும் பரிசோதிப்பதும் தவறு. பழுது இரு பக்கமிருந்தும்தான் வருகிறது. கல்லூரியிலோ, வேலைக்குச் சேரும்போது நடக்கும் உடல் பரிசோதனையிலோ, விருப்பத்தின் பேரில், ரகசியம் காத்து, இதைச் செய்துகொள்ள அரசு வழி செய்ய வேண்டும். சம்பந்தம் பேச்சு தொடங்கும் முன்பே ரிப்போர்ட் கையில் இருந்தால் அது யாருக்கும் அவமானம் ஆகாது. கேரியர் என்பது நோயும் இல்லை, குறையும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தகவல், அவ்வளவுதான்.