கறைபடாத காசாளன்

மனிதர் ஒருவரையொருவர் நம்பி வாழ்வதே இல்லறத்திற்கும் வாணிகத்திற்கும் ஒருங்கே அடிப்படையாகும். உப்பு வாங்கச் செல்வோன் கடைக்காரனது படியை நம்புகிறான். கடைக்காரன் தன் பெட்டியடியில் அமர்த்திய கணக்கப்பிள்ளையை நம்புகிறான். கணக்கப்பிள்ளையோ மாத முடிவில் சம்பளம் கிடைக்கும் என்று முதலாளியை நம்புகிறான். இந்நம்பிக்கை குன்றிய இடத்திலே பூட்டும் சாவியும் தோன்றின. அவையும் போதாத இடத்திலே யந்திரம் தோன்றிற்று. அங்ஙனம் தோன்றிய யந்திரம் ஒன்றையும், அதனைச் செய்து நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த ஒரு ஸ்தாபனத்தின் வரலாற்றையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பணத்தைக் காக்கும் பொறி மனிதனை நேர்மையுடையவனாக்குமா என்பது நம் வினா. ஆக்காது என்பதும், அது ஊழியனை மாத்திரம் நோக்கி எஜமானனை நோக்காது விட்டதே பெருங்குறை என்பதும் நம் கருத்து.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரிலே, ஜேம்ஸ் ரிட்டி என்பார் ஒரு மதுக்கடை நடத்தி வந்தார். வாடிக்கை மிகுந்திருந்தும் கடையில் லாபம் நிற்கவில்லை. விற்ற பணத்தில் ஒரு பகுதி சிப்பந்திகளின் சட்டைப் பையிற் சென்று மறைந்ததே அதற்குக் காரணம். கவலையால் உடல் நலிந்த அவர் 1878-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அக்கப்பலின் யந்திர அறையிலே, நீரைத் தள்ளும் சுழலி எத்தனை முறை சுற்றியது என்பதைத் தானே எண்ணிக் காட்டும் ஒரு கருவியைக் கண்டார். சுழற்சியை எண்ணும் பொறி விற்பனையை எண்ணாதோ என்ற எண்ணம் உதித்தது. ஊர் திரும்பித் தம் சகோதரர் ஜானுடன் முயன்று, 1879-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் தேதி அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கடிகார முகம் போன்ற ஒரு வட்டமும், டாலரையும் சென்ட்டையும் காட்டும் இரு முட்களும் அதில் இருந்தன. அதற்கு அவர் இட்ட பெயர் ‘ரிட்டியின் கறைபடாத காசாளன்’ என்பது. மதுக்கடையிலே கறைபடாமையைத் தேடப் புகுந்தமை நகைப்புக்கு இடமாயினும், அப்பெயர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மனிதக் காசாளன் கறைபடுவான் என்னும் ஐயம் அப்பெயரிலேயே பொதிந்திருக்கின்றது.

ரிட்டிக்கு இப்பொறியால் செல்வம் வாய்க்கவில்லை. அவ்வுரிமை வேறு சிலர் கைக்கு மாறியது. அதே மாகாணத்தில் நிலக்கரி வியாபாரம் செய்து வந்த ஜான் பாட்டர்ஸன் என்பவர், தம் கடையிலும் இத்தகைய திருட்டால் நஷ்டமுற்று, அப்பொறிகள் இரண்டை வாங்கி வைத்துப் பயன் கண்டவர். அவர் 1884-ஆம் ஆண்டில், நலிந்து கிடந்த அத்தொழிலை 6,500 டாலருக்கு வாங்கி, ‘நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பெனி’ என்று பெயர் சூட்டினார். அதுவே பிற்காலத்தில் என்.ஸி.ஆர். என்னும் மூன்றெழுத்தால் உலகெங்கும் அறியப்பட்டது. விற்பனையாளர் இன்ன சொல்லை இன்ன முறையிற் சொல்ல வேண்டும் என்று பாடமாக எழுதி, அதனை மனப்பாடம் செய்வித்து, அவர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியும் நடத்தினார் பாட்டர்ஸன். பொறியிலும் காசறையும், திறக்கும்போதெல்லாம் ஒலிக்கும் மணியும், கணக்கைப் பதியும் காகிதச் சுருளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மணியொலித்தால் கடையிலுள்ளோர் யாவரும் திரும்பிப் பார்ப்பர். பார்வை பலவாயின் கை நடுங்கும்.

இதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்கதை மறையாது சொல்வோம். சோதனையை ஒருவன் கண்ணெதிரே வைத்துவிட்டு, அவன் அதில் வீழ்ந்தபின் தண்டிப்பது கருணையாகாது. எண்ணாத பணத்தை ஏழைச் சிறுவன் ஒருவன் வசம் நாள் முழுதும் விட்டு வைப்பவன், திருட்டில் தானும் பங்காளியே. மேலும், பணம் குறைந்தவிடத்துக் குற்றமற்றவன்மீதும் பழி விழுவதுண்டு. அப்போது பொறியின் கணக்கே அவனுக்குச் சாட்சியாய் நிற்கும். ஆதலின் பொறியை நாம் வெறுக்கவில்லை. அதன் வேலை எங்கே முடிகின்றது என்பதையே கேட்கின்றோம்.

அவ்வெல்லையை அந்த ஸ்தாபனத்தின் வரலாறே காட்டுகின்றது. 1894-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து 50,000 டாலர் பெறுமானமுள்ள பொறிகள் பழுதுற்றனவாகத் திரும்பி வந்தன என்றும், தொழிலாளரே அவற்றின் உள்ளே திராவகம் ஊற்றிக் கெடுத்திருந்தனர் என்றும் கூறுவர். உலகத்துக் கடைகளுக்கெல்லாம் காவற்பொறி செய்து தந்தவர்க்குத் தம் ஆலையைக் காக்கும் பொறி இல்லாமற் போயிற்று! பாட்டர்ஸன் செய்தது யாது? தம் மேஜையைத் தொழிற்கூடத்தின் நடுவே கொண்டுபோய் இட்டு, அங்கே அமர்ந்தார். இருளும் அழுக்கும் அபாயமும் நிறைந்த இடத்திலே, குறைந்த கூலிக்கு, வேலையில் மனமின்றி மனிதர் உழைப்பதைக் கண்டார். அதன்பின் கண்ணாடிச் சுவர்களால் பகலொளி புகும் கட்டடங்கள் எழுந்தன. குளியலறைகளும் உணவுச் சாலைகளும் மருத்துவ உதவியும் ஏற்பட்டன. மணியும் முள்ளும் செய்யமாட்டாத காரியத்தை, ஒரு மேஜையை நகர்த்தியது செய்து முடித்தது. ஊழியன் ஏன் தவறுகிறான் என்பதைப் பொறி ஒருபோதும் சொல்லாது. அவனருகே சென்று அமர்பவனுக்கே அது விளங்கும்.

எனினும் அதே பாட்டர்ஸனின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். வேறெவரும் இப்பொறியைச் செய்து விற்றலாகாது என்பது அவரது பிடிவாதம். போட்டியாளர் பொறிகளைத் தூற்றுவதும், அவர்தம் வாடிக்கையைக் கலைப்பதும் அவருடைய ஆட்களுக்குக் கடமையாயின. பழம்பொறி விற்போரை ஒழிக்கும்பொருட்டு, தாமஸ் வாட்ஸன் என்னும் ஊழியரை 1903-ஆம் ஆண்டில் நியமித்து, கம்பெனிப் பணத்தையே மறைவாகக் கொடுத்து, தனி வியாபாரிபோல் வேடமிட்டுக் கடை திறக்கச் செய்தனர். பிற்காலத்தில் ஐ.பி.எம். ஸ்தாபனத்தை வளர்த்துப் புகழ் பெற்றவர் இவரே. அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பாட்டர்ஸனும், வாட்ஸன் உள்ளிட்ட மேலாளர் பலரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பாட்டர்ஸனுக்கு ஓராண்டுச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

அடுத்த மாதமே டேட்டன் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பாட்டர்ஸன் தம் ஆலைத் தச்சரைக்கொண்டு தட்டையடிப் படகுகள் ஏறக்குறைய 300 கட்டுவித்து, கூரைமேல் தவித்தவர்களை மீட்பித்து, தம் கட்டடங்களில் இடமும் உணவும் அளித்தார். ஊர் அவரை வாழ்த்திற்று; அவரை மன்னிக்க வேண்டுமென்ற குரலும் எழுந்தது. மேல் நீதிமன்றம் 1915-ஆம் ஆண்டில் அத்தீர்ப்பைத் தள்ளி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அவர் சிறை புகவேயில்லை. வெள்ளத்தில் அவர் செய்த உபகாரம் மெய்யான உபகாரமே. அதனைக் குறைத்துப் பேசோம். ஆயினும் ஒரு கணக்கின் வரவை மற்றொரு கணக்கின் பற்றுக்கு ஈடாக எழுதுதல் எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் தகாது. பத்துச் சென்ட்டை எடுத்த சிப்பந்தி, பின்னர் ஒரு குழந்தையை நீரிலிருந்து காத்தான் என்பதற்காக அவனை மீண்டும் பெட்டியடியில் அமர்த்துவாரோ? முதலாளிக்கு ஒரு நீதியும் தொழிலாளிக்கு ஒரு நீதியும் வழங்குமிடத்தில், கறைபடாத காசாளன் என்னும் பெயர் வெறும் பரிகாசமாகின்றது.

இனிப் பணப்பொறியின் இரண்டாம் பருவத்துக்கு வருவோம். பணத்தை வாங்கி வைத்த பொறி, பணத்தை எடுத்து வழங்கும் பொறியாக மாறியது. 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் தேதி, லண்டன் மாநகரை அடுத்த என்ஃபீல்டில், பார்க்லேஸ் பாங்கின் வாயிலில் அத்தகைய பொறி ஒன்று திறக்கப்பட்டது. அதனை அமைத்த ஜான் ஷெப்பர்ட்-பாரன் என்பார், இந்நாள் மேகாலய மாநிலத்தின் தலைநகராய் விளங்கும் ஷில்லாங்கிலே 1925-ஆம் ஆண்டில் பிறந்தவர். இரகசிய எண்ணை ஆறு இலக்கமாக அமைக்க நினைத்ததாகவும், தம் மனைவியார் தமக்கு நான்குக்கு மேல் நினைவில் நில்லாது என்று சொன்னதால் நான்காகக் குறைத்ததாகவும் அவர் பின்னாளிற் கூறினார். ஸ்காட்லாந்து தேசத்து ஜேம்ஸ் குட்ஃபெல்லோ என்பாரும் அட்டையும் இரகசிய எண்ணும் கொண்ட முறைக்கு 1966-ஆம் ஆண்டிலேயே உரிமை கோரியவராவார்.

என்.ஸி.ஆர். இத்துறையில் முதலில் நுழையவில்லை. பல்சக்கரப் பொறிகளில் ஊறிய அந்த ஸ்தாபனம், மின்னணுக் கருவிகளின் வருகையால் 1970-களின் தொடக்கத்தில் தள்ளாடிற்று. பல்சக்கரம் செய்த கைகளுக்கு வேலையில்லாமற் போகவே, டேட்டனில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அது நிறுவியிருந்த ஆலையே பணம் வழங்கும் பொறிகளுக்குத் தாயகமாயிற்று. அங்கே உருவான பொறிகள் பல தேசங்களின் பாங்கு வாயில்களிலும் நின்றன. ஆயினும் 2009-ஆம் ஆண்டில் டண்டீயிலும் உற்பத்தி நின்றது. அதே ஆண்டில், 125 ஆண்டுகள் வாழ்ந்த டேட்டனை விட்டுத் தலைமை நிலையத்தை ஜார்ஜியா மாகாணத்துக்கு மாற்றுவதாக ஸ்தாபனம் அறிவித்தது. 2023-ஆம் ஆண்டில் அது இரண்டாகப் பிரிந்து, பணப்பொறித் தொழில் ‘என்.ஸி.ஆர். அட்லியோஸ்’ என்னும் தனிப் பெயரைப் பெற்றது.

இவ்வரலாற்றின் போக்கை நோக்குமின். கடைச் சிப்பந்தியைக் காவல் செய்யப் பிறந்த பொறி, நாளடைவில் சிப்பந்தியே வேண்டா என்னும் நிலைக்கு வந்தது. முன்னே ஐயத்துக்கு இலக்கானவன் ஊழியன்; பின்னே இலக்கானவன் பணத்துக்கு உரியவனே. அவன் முகத்தை நாற்பதாண்டு அறிந்த காசாளன் அங்கே இல்லை. நான்கு இலக்கங்களையே பொறி அறியும். நள்ளிரவிலும் பிரயாணிக்குப் பணம் தருவது அப்பொறி என்பது உண்மையே. அந்நன்மையை மறுப்பவர் நன்றி மறந்தவராவர். ஆனால் எழுத்தறியாத முதியவர் ஒருவர், அட்டையையும் இரகசிய எண்ணையும் அயலான் ஒருவனிடம் ஒப்புவித்துத் தம் பென்ஷனை எடுத்துத்தர வேண்டுவதை நம் நாட்டில் எங்கும் காணலாம். மனிதரை நம்ப வேண்டாதபடி செய்யப்பட்ட பொறியின் முன்னிலையிலே, அவர் முன்னினும் அதிகமாக முன்பின் அறியாதவரை நம்ப வேண்டியவராகிறார். முன்னே அவர் நம்பிய காசாளன் சட்டத்துக்கும் மேலதிகாரிக்கும் கட்டுப்பட்டவன். இந்த அயலான் யாருக்குக் கட்டுப்பட்டவன்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஊழியனது பெட்டிக்கு மணி கட்டிய சமுதாயம், எஜமானனது பெட்டிக்கும் மணி கட்டல் வேண்டும். நியாயமான சட்டமும், பாரபட்சமற்ற தணிக்கையும், அஞ்சாத நீதிமன்றமுமே அம்மணியாம். இரண்டாவது, பொறிகள் எத்துணை பெருகினும், ஒவ்வொரு பாங்கிலும் எளியோர் சென்று முகம் பார்த்துப் பேசத்தக்க மனிதர் ஒருவரேனும் அமர்ந்திருத்தல் வேண்டும். செலவு மிகும் என்று அவரை நீக்குவது, அச்செலவை அம்முதியவர் தலையிற் சுமத்துவதேயாகும். மூன்றாவது நம்மைப் பற்றியது. இக்கலாசாலையை விட்டுச் செல்லும் நம்மிற் பலர் நாளை கணக்கர்களாகவும் மேலாளர்களாகவும் முதலாளிகளாகவும் அமர்வோம். உண்மையற்ற உக்கிராணக்காரனைப் பற்றிய உவமையை நாம் இளமை முதல் கேட்டு வளர்ந்தோம். அதில் வரும் எஜமான் கணக்குக் கேட்டபோது பொறி எதுவும் அங்கில்லை. நம்மிடம் ஒப்புவித்ததை நாம் யாரும் பாராதபோது எவ்வாறு கையாளுகின்றோம் என்பதும், நம் கீழ்ப் பணிபுரிவோர் இருளில் உழைக்கின்றனரா ஒளியில் உழைக்கின்றனரா என்று ஒரு நாளேனும் அவரருகே சென்று அமர்ந்து பார்த்தோமா என்பதும் நம்மிடம் கேட்கப்படும் கணக்குகளாம். அவற்றுக்கு விடை சொல்லும் ஆற்றலைப் பெறாது, பட்டத்தை மாத்திரம் பெற்று நாம் இங்கிருந்து வெளியேறலாகாது.