மரத்துப் பாசி சொன்ன சாட்சி

மாரி பிறந்துவிட்டால் கிணற்றுக்கட்டிலும் மதிலிலும் பசும்பட்டு விரித்தாற்போலப் பாசி படர்ந்துவிடும். வழுக்கி விழுவோமென அஞ்சித் தும்புக்கட்டையால் உரஞ்சிக் கழுவுகின்றோம். குளத்து நீரில் மிதப்பதையும் நாம் பாசி என்றே அழைக்கின்றோமாயினும், அது வேறு இனம். யாம் இங்கு கூறப்புகுவது சுவரையும் பாறையையும் மரப்பட்டையையும் பற்றி வளரும், சின்னஞ்சிறு இலைகளையுடைய பாசியைப் பற்றியாகும்.

இப்பாசிக்கு மெய்யான வேர் கிடையாது. வேர்போலத் தோன்றும் இழைகள் பற்றிக்கொள்வதற்கே பெரிதும் உதவுவன. மற்றைத் தாவரங்களின் இலைமீது மெழுகு பூசினாற்போன்ற மேற்றோல் ஒன்றுண்டு. பாசியில் அஃது இல்லையென்றே சொல்லலாம். அதன் இலையின் தடிப்போ பெரும்பாலும் ஒரேயொரு கலம். மழையும் பனியும் தூசியும் கொண்டுவருவனவே அதற்கு ஆகாரம். நல்லது எது, நஞ்சு எது என்று தெரிந்து விலக்கும் வல்லமை அதற்கில்லை. ஈயமோ கட்மியமோ வந்து விழுந்தால், அவை அதன் கலச்சுவரில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன. இந்தக் குறைபாடுதான் விஞ்ஞானிகளுக்கு வரப்பிரசாதமாயிற்று!

சுவீடன் தேசத்து ரூலிங், டைலர் என்னும் இருவர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், உலர்த்திச் சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய பாசிகளைச் சோதித்து, 19ஆம் நூற்றாண்டு முதல் அவற்றில் ஈயம் பெருகி வந்தமையைக் காட்டினர். ஐரோப்பிய நாடுகள் பல 1990ஆம் ஆண்டு தொடக்கம் ஐந்தாண்டுக்கொருமுறை பாசி திரட்டிச் சோதித்து வருகின்றன. ஆற்றுநீரில் உலோகங்கள் கலந்துள்ளனவா என அறிய, நீர்ப்பாறைகளில் வளரும் பாசியை வலைப்பையில் இட்டு ஆற்றில் அமிழ்த்தி வைப்பதும் உண்டு.

இவை யாவற்றினும் எம் மனத்தைத் தொட்டது அமெரிக்காவில், ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில் நிகழ்ந்ததாகும். அந்நாட்டு வனச் சேவையைச் சேர்ந்த ஸாரா ஜோவன், ஜெப்ரி டொனவன் ஆகியோரின் குழு 2013ஆம் ஆண்டில் நகரெங்குமுள்ள மரங்களிலிருந்து 346 பாசி மாதிரிகளைச் சேகரித்தது. நகருக்குள் காற்றைச் சோதிக்கும் கருவிகள் மிகச் சிலவே இருந்தன. மரங்களோ தெருவெங்கும் நின்றன. முடிவுகளைப் படத்தில் குறித்தபோது, இரண்டு இடங்களில் கட்மியம் மிகுந்து காணப்பட்டது. இரண்டிற்கும் அருகே வர்ணக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலைகள் இருந்தன. கண்ணாடிக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் ஊட்டுவதற்குக் கட்மியம் பயன்படுகின்றது. கோவிற் சாளரங்களிலே ஞாயிற்றொளி பட்டு மின்னும் அழகிய நிறங்கள் இத்தகைய பொருள்களாலேயே பிறக்கின்றன என்பதை எண்ணுவார் யார்?

பாசி இடத்தைக் காட்டுமேயன்றி, மக்கள் சுவாசிக்கும் காற்றில் நஞ்சு எவ்வளவு என்று அளந்து கூறமாட்டாது. ஆதலின், 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மாநில அரசினர் ஒரு தொழிற்சாலையின் அருகே கருவியை நிறுவினர். மாநிலம் வகுத்திருந்த நல்வாழ்வு அளவினும் கட்மியம் 49 மடங்காக இருந்தது. ஆசனிக்கு அதனினும் பன்மடங்கு. கட்மியம் சுவாசத்தோடு உட்சென்றால் புற்றுநோயை விளைக்க வல்லது, சிறுநீரகத்தையும் பாதிப்பது.

2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் செய்தி வெளியாயிற்று. தொழிற்சாலையின் அண்மையில் குழந்தைகள் காப்பகம் ஒன்றும் இருந்தது. தாமே கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்ட பிள்ளைகள் இத்தனை காலமும் எதைச் சுவாசித்தார்கள் என்று பெற்றோர் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! புகையும் தெரியவில்லை, மணமும் வீசவில்லை. சந்தேகிக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. இதில் வியப்பு யாதெனின், அத்தொழிற்சாலைகள் தமக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தின்படியே இயங்கி வந்தன என்பதாகும். சட்டத்திலேயே ஓட்டை இருந்தது.

தொழிற்சாலைகள் உடனே கட்மியத்தை உபயோகிப்பதை நிறுத்தின. வர்ணக் கண்ணாடி உலைகளுக்கு வடிகட்டி பொருத்தவேண்டுமென அவ்வாண்டிலேயே விதி பிறந்தது. தொழிற்சாலைகள் வெளிவிடும் நச்சுக் காற்றை மக்களின் சுகத்தைக் கொண்டு அளந்து கட்டுப்படுத்தும் சட்டம் 2018ஆம் ஆண்டில் ஒறிகன் மாநிலத்தில் நிறைவேறியது.