பிள்ளைகளின் ஒருநாள் மகிழ்ச்சியும் பெற்றோரின் வரவு செலவும்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை, புசல்லாவை, தெல்தோட்டை போன்ற ஊர்களில் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே வேன்களும் வாடகை பஸ்களும் வீதியோரத்தில் காத்து நிற்கின்றன. உறக்கம் கலையாத பிள்ளைகள், சோற்றுப் பார்சல்கள், தண்ணீர்ப் போத்தல்கள், மாற்றுடைப் பைகள் ஆகியவற்றோடு குடும்பங்கள் புறப்படுகின்றன. அவற்றில் கணிசமானவை செல்லுமிடம் மேல் மாகாணத்திலுள்ள கேளிக்கைப் பூங்காக்களாகும்.

ஹங்வெல்லைப் பகுதியிலுள்ள லெஷர் வேர்ல்ட், பண்டாரகமையிலுள்ள பேர்ல் பே ஆகிய பெயர்களை இன்று மலையகத்தின் சிறுபிள்ளைகளும் அறிவர். கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. தூரம் அதிகமெனத் தோன்றாவிட்டாலும், மலைச்சரிவையும் நெரிசல்மிக்க நகரங்களையும் கடந்து இத்தகைய இடமொன்றுக்குச் செல்லவும், மாலையில் அதே வழியில் திரும்பவும் ஒரு நாளின் பெரும்பகுதி வீதியிலேயே கழிந்துவிடுகின்றது. இராட்டினத்திலும் நீர்ச்சறுக்கிலும் பிள்ளைகள் செலவிடுவது சில மணித்தியாலங்களே. அந்தச் சில மணித்தியாலங்களுக்காகக் குடும்பங்கள் கொடுக்கும் முழு விலை என்ன என்பதை நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

இத்தகைய பயணங்களை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை அங்கீகரிக்கின்றது. இலங்கை 1991ஆம் ஆண்டில் அச்சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. மேலும், குடும்பமாகத் தூரப் பயணம் செல்வது நமது சமூகங்களுக்குப் புதிதல்ல. கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் நல்லூருக்கும் ஆண்டு முழுவதும் சேமித்துச் சென்று வந்தவர்கள் நமது பெரியோர். பெருநாளைத் தொடர்ந்து உறவினர் சகிதம் வெளியூர் செல்வது முஸ்லிம் குடும்பங்களில் வழமையாகும். எனவே, போவதா இல்லையா என்பது இங்கு கேள்வியல்ல. எவ்வாறு திட்டமிட்டுப் போவது என்பதே கேள்வியாகும்.

நாடு கடந்து வந்த பாதையையும் மறந்துவிட முடியாது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது. 2023இல் நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமையில் வாழ்ந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது. விலையேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்தபோதிலும், ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. இப்பின்னணியிலேயே பெற்றோர் பிள்ளைகளுக்கு ஒரு நாள் மகிழ்ச்சியைத் தேடிக் கொடுக்க முயல்கின்றனர்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, நுழைவுச் சீட்டின் விலையை மட்டும் கேட்டறிந்து அதனையே பயணத்தின் செலவாகக் கருதுவதாகும். வேன் வாடகை, எரிபொருள், சாரதியின் கூலி, அவரது உணவு, வழியிற் காலை உணவு, பூங்காவிற்குள் வாங்கும் சிற்றுண்டி, நீராடும் உடை, பொருட்களை வைக்கும் பெட்டிக்கான கட்டணம், திரும்பும் வழியிற் பிள்ளைகள் கேட்கும் விளையாட்டுப் பொருள் என்று கணக்கு நீண்டு செல்கின்றது. நாட்கூலி பெறுபவராயின் அன்றைய நாளின் சம்பளத்தையும் இழக்கின்றார். கடை வைத்திருப்பவராயின் அன்றைய வியாபாரம் இல்லை. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கும் குடும்பங்கள் மிகச் சிலவே.

உதாரணத்திற்காக, ஐந்து பேர் கொண்ட குடும்பமொன்றின் மொத்தச் செலவு 30,000 ரூபா என வைத்துக்கொள்வோம். பெருந்தோட்டத் தொழிலாளியின் நாளாந்தச் சம்பளத்தை, வரவு ஊக்குவிப்புத் தொகை உட்பட, 1,750 ரூபாவாக உயர்த்தும் முன்மொழிவு 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. அக்கணக்கின்படி பார்த்தாலும் இப்பயணம் ஒரு தொழிலாளியின் பதினேழு நாள் உழைப்பை விழுங்கிவிடுகின்றது. அதே தொகையை மாதம் 2,500 ரூபா வீதம் சேமித்தால் பன்னிரண்டு மாதங்களில் கடனின்றிச் சேர்த்துவிடலாம். மாறாக, மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கடனாகப் பெற்றால் ஓராண்டில் வட்டி மட்டும் 18,000 ரூபாவாகும். முதல் அப்படியே இருக்கும். பிள்ளைகள் அந்தப் பயணத்தை மறந்த பின்னரும் தாய் தவணைப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

தோட்டங்களில் தீபாவளி முற்பணத்தைப் பெற்று, அதனை மாதாமாதம் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளும் வழக்கம் நீண்டகாலமாக உள்ளது. புத்தாடைக்கும் பண்டிகைச் செலவுக்குமான அம்முற்பணம் சுற்றுப்பயணத்திற்குச் சென்றுவிட்டால் அடுத்த மாதங்களின் அரிசியும் பாடசாலைக் கொப்பிகளும் கேள்விக்குறியாகின்றன. நுண்கடன் நிறுவனங்களிடமும் அடகுக் கடைகளிலும் சிக்கிய பெண்களின் துயரத்தை மலையகம் நன்கறியும். வட்டியை விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் பெருநாள் மகிழ்ச்சிக்காக வட்டிக் கடனை நாடுவது எத்தகைய முரண் என்பதையும் சொல்லத் தேவையில்லை. நமது பெண்களிடம் இதற்கு நல்லதொரு வழி ஏற்கனவே உண்டு. நம்பிக்கைக்குரிய பத்துப் பேர் கூடிக் கட்டும் சீட்டு அதுவாகும். கலியாணத்திற்கும் வீட்டுக் கூரைக்கும் சீட்டுப் பிடிப்போர் பயணத்திற்கென ஒரு சிறு சீட்டைத் தொடங்குவது கடினமானதல்ல.

எனினும் பணக் கணக்கிலும் பாரதூரமான மற்றொரு கணக்கு உள்ளது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, சுற்றுலா சென்று திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களையும் அவர்களது உறவினர்களையும் ஏற்றிவந்த பஸ் எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா பகுதியில், கொழும்புப் பாடசாலையொன்றின் மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் மாண்டனர். இவ்வாறான ஒவ்வொரு விபத்தின் பின்னரும் சில நாட்கள் அது பற்றிப் பேசிவிட்டு மறந்துவிடுகின்றோம்.

ஒருநாள் பயணத்தின் மிகப் பெரிய ஆபத்து அதன் இறுதி மணித்தியாலங்களில் உள்ளது. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்த சாரதி, பகல் முழுவதும் வெயிலில் வாகனத்திற்குள் காத்திருந்து, இரவில் கடுகண்ணாவை வளைவுகளிலோ கினிகத்தேனை வழியாகவோ மலையேற வேண்டியுள்ளது. உள்ளே இருப்போர் அனைவரும் உறங்கிவிடுகின்றனர். கொடுத்த பணத்திற்குப் பூங்கா மூடும்வரை இருந்துவிட வேண்டும் என்ற எண்ணமே இந்த இரவுப் பயணத்தை உருவாக்குகின்றது. பிற்பகல் மூன்று மணியளவில் புறப்பட்டுவிடுவது, சாரதி உறங்குவதற்கு இடமும் நேரமும் ஒதுக்குவது, ஆசன எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றாதிருப்பது, டயரையும் பிரேக்கையும் முன்தினமே பரிசோதிக்கச் சொல்வது ஆகியவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. இரண்டாவது சாரதிக்கான கூலியை வீண் செலவு என்று எண்ணுவோர், மலை வீதியில் எத்தனை பிள்ளைகளின் உயிர் ஒருவரின் விழிப்பில் தங்கியுள்ளது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காலநிலையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா சூறாவளியால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மண்சரிவுகளால் வீதிகள் துண்டிக்கப்பட்டன. மலையக ரயில் பாதை பல இடங்களிற் சிதைந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே கடுகண்ணாவைப் பகுதியில் ஏற்பட்ட சரிவினால் கொழும்பு – கண்டி வீதி மூடப்பட்டிருந்தது. ஆகவே, கடும் மழை பெய்யும் நாட்களிற் பயணத்தைப் பிற்போடவும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளைக் கவனிக்கவும், முற்பணம் கைநழுவிப் போனாலும் பரவாயில்லை என்று தீர்மானிக்கவும் பெற்றோருக்குத் துணிவு வேண்டும்.

பாடசாலைகளுக்கும் இதிற் பொறுப்புண்டு. வகுப்புச் சுற்றுலாவிற்குப் பணம் சேர்க்கப்படும்போது அதனைச் செலுத்த இயலாத பிள்ளை எதுவும் கூறுவதில்லை. காய்ச்சல் என்று சொல்லி அன்றைய தினம் வீட்டில் இருந்துவிடுகின்றது. மறுநாள் வகுப்பறையில் நடைபெறும் பேச்சு முழுவதும் அப்பிள்ளைக்குத் தண்டனையாகும். ஆண்டின் தொடக்கத்திலேயே செலவை அறிவித்துச் சிறு தவணைகளிற் சேகரிப்பதும், பழைய மாணவர் சங்கங்கள், பள்ளிவாசல் நிருவாகங்கள், ஆலய பரிபாலன சபைகள் ஆகியவற்றின் உதவியுடன் இயலாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதும் அதிபர்களுக்கு இயலாத காரியமல்ல. அதுவும் முடியாதெனில், அனைவரும் செல்லக்கூடிய அண்மையிலுள்ள இடமொன்றைத் தெரிவுசெய்வதே சிறந்தது.

அண்மையில் இடங்கள் இல்லாமல் இல்லை. 147 ஏக்கர் பரப்புள்ள பேராதனைத் தாவரவியற் பூங்கா, நகரின் மத்தியிலேயே உடவத்தகலை வனம், ஹந்தானையில் தேயிலை நூதனசாலை, 1975இல் ஆரம்பிக்கப்பட்ட பின்னவலை யானைகள் சரணாலயம் என்பன நமக்கு அருகிலேயே உள்ளன. ஆயினும் இவை பார்ப்பதற்கான இடங்கள். பிள்ளைகள் ஓடி, ஏறி, சறுக்கி, நனைந்து விளையாடுவதற்கான இடங்களல்ல. நூறு கிலோமீற்றர் தாண்டி அவர்களை ஈர்ப்பது அந்தக் குறையே.

1988ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமை நகராக விளங்கும் கண்டியில், மலைகள் சூழ்ந்த இக்குறுகிய தாழ்நிலத்தில், பிரமாண்டமான கேளிக்கைப் பூங்காவொன்றை அமைக்கும்படி நாம் கோரவில்லை. மண்சரிவு அபாயமுள்ள சாய்வுகளில் அத்தகைய நிர்மாணங்கள் விரும்பத்தக்கனவுமல்ல. ஆனால் ஒவ்வொரு பிரதேச சபைப் பிரிவிலும் பாதுகாப்பான ஊஞ்சல்களும் சறுக்குகளும் நிழல் மரங்களும் கழிவறையும் கொண்ட ஒரு சிறுவர் பூங்காவையேனும் அமைக்கலாம். போகம்பறைச் சிறைச்சாலை 2014இல் பல்லேகலைப் பக்கம் மாற்றப்பட்டதைத் தொடர்ந்து, நகரின் இதயத்திலுள்ள அந்நிலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றிப் பல யோசனைகள் முன்வைக்கப்பட்டன. அவ்வாறான பொது நிலங்களைப் பற்றித் தீர்மானிக்கும்போது சிறுவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். தோட்டங்களிற் பராமரிப்பின்றிக் கிடக்கும் விளையாட்டு மைதானங்களும் இதிற் சேர்க்கப்பட வேண்டியவையே.

மறுபுறம், பூங்கா நிருவாகங்கள் மொத்தக் கட்டணங்களை முன்கூட்டியே தெளிவாக அறிவிப்பதும், தூர மாவட்டப் பாடசாலைகளுக்குச் சலுகை வழங்குவதும், காத்திருக்கும் சாரதிகளுக்கு ஓய்வறை அமைப்பதும் வரவேற்கத்தக்கவையாகும். இலங்கைப் போக்குவரத்துச் சபை விடுமுறைக் காலங்களில் மலையக நகரங்களிலிருந்து பகற்பொழுதிலேயே சென்று திரும்பும் விசேட பஸ் சேவைகளை நடத்துமாயின் வேன் வாடகைச் சுமை குறைவதோடு பாதுகாப்பும் கூடும்.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் காலம் இருக்கின்றது. பெற்றோர் ஒரு கொப்பியை எடுத்து, பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, பயணத்தின் முழுச் செலவையும் எழுதிப் பார்க்கட்டும். எதனைக் குறைக்கலாம், எந்த மாதத்தில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதில் பிள்ளைகளின் யோசனையையும் கேட்கட்டும். தாமும் சேர்ந்து சேமித்த பணத்தில் செல்லும் பயணத்தின் அருமையைப் பிள்ளைகள் உணர்வர். கடனின்றிச் சென்று, இருள் சூழுமுன் மலையேறி, அனைவரும் நலமாக வீடு வந்து சேர வேண்டும். அதற்கான திட்டத்தைக் குடும்பங்கள் இன்றே தொடங்குவதும், ஊரிலேயே விளையாட இடமளிக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்கள் தட்டிக்கழிக்காதிருப்பதும் அவசியமாகும்.