கியர் விழலைன்னா உடனே கியர்பாக்ஸைத் திறக்காதீங்க



போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு அம்பாசடர் அழகர்கோவில் வரை போய்த் திரும்பியது. படம் போட்டதும், "டீச்சர், அந்த வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கப் போறதா சொன்னாங்களே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கொடுக்கத்தான் இருந்தோம். எப்படித் தப்பியது என்று சொல்லிவிட்டு, என் கருத்தையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாத பிள்ளைகளுக்காக: அது 1972 மாடல், மார்க் 2. என் மாமனார் வாங்கியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம்தான் உற்பத்தியை நிறுத்தினார்கள். எங்கள் வண்டியில் கியர் லீவர் தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் முன் சீட் ஒரே பெஞ்சு. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் மடியில் பிள்ளைகளோடு எத்தனை பேர் என்று எண்ணியதே இல்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு வண்டி இரண்டு வருஷம் ஷெட்டிலேயே நின்றது. ஒருநாள் கொழுந்தனார் மகன் ஆசையாக எடுத்தான். ரிவர்ஸ் விழவில்லை. இரண்டாவது கியருக்கு லீவர் போகவே இல்லை. முதல் கியர் போட்டால் 'கர்ர்ர்' என்று தெருவே திரும்பிப் பார்த்தது. "பெரியம்மா, இது செத்துப் போச்சு" என்றான்.

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். அவர்கள் வண்டிக்கு அடியில்கூடக் குனியவில்லை. "கியர்பாக்ஸ் போயிருச்சும்மா. இறக்கிப் பார்க்கணும். நாப்பதாயிரம் ஆகும். இல்லைன்னா தரை கியரா மாத்திரலாம்" என்றார்கள். கொழுந்தனார், "அண்ணி, அந்தக் காசுக்கு எடைக்கே போட்டுரலாம்" என்றார். பெங்களூரில் இருக்கும் என் மகனும் சரி என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் 1989-இல் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன் ஞாபகம் வந்தது. வாடிப்பட்டிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். போன் செய்ததும் மறுநாள் வந்து நின்றான்.

அவன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால் உதவும்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தான். எஞ்சின் நிற்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால் சந்தேகம் க்ளட்ச் மேல். நிற்கும்போதே விழவில்லை என்றால் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் இணைப்பு மேல். எங்கள் வண்டியில் மூன்றும் நான்கும் விழுந்தன. முதல் கியர் தட்டுத் தடுமாறி விழுந்தது. இரண்டாவதும் ரிவர்ஸும் எஞ்சின் நிற்கும்போதும் விழவில்லை.

அடுத்து பானெட்டைத் திறந்தான். "டீச்சர், உள்ள உட்கார்ந்து லீவரை மெதுவா ஆட்டுங்க" என்றான். லீவர் ஓரிடம், கியர்பாக்ஸ் ஓரிடம். நடுவில் ராடுகளும் மூட்டுகளும்தான் நம் கையின் அசைவைக் கொண்டுபோகின்றன. ஓர் அசைவு எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்கும், இன்னோர் அசைவு கியரைப் போடும். என் கை நாலு விரற்கடை நகர்ந்தால் மறுமுனை அரை விரற்கடைகூட நகரவில்லை. மூட்டுகளில் இருந்த புஷ் பொடிந்து உதிர்ந்திருந்தது. பழைய கிரீஸ் மதுரை வெயிலில் காய்ந்து புளியங்காய் ஓடு மாதிரி ஆகியிருந்தது. லேத் பட்டறையில் நைலானில் புது புஷ் கடைந்து போட்டான். இரண்டாவதும் ரிவர்ஸும் விழுந்தன.

எஞ்சினைப் போட்டால் மட்டும் ரிவர்ஸில் இன்னும் சத்தம். க்ளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு ஐந்து எண்ணச் சொன்னான். அதற்குப் பிறகு போட்டாலும் 'கர்ர்' என்றால் க்ளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். பெடலில் வெற்றாட்டம் கூடியிருந்தது. அதைச் சரிசெய்ததும் சத்தம் நின்றது.

மூன்றாவது கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிறவனிடம். இந்த வண்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. அதாவது, சுழலும் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் முதல் கியருக்கு இல்லை. வண்டி நின்ற பிறகுதான் அதைப் போட வேண்டும். புது காரில் பழகிய பையன் உருளும்போதே திணித்திருக்கிறான். எனக்கு 1984-இல் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னது அதுதான்: "தள்ளாதே, கொண்டுபோய் விடு."

மொத்தச் செலவு 1,850 ரூபாய். கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

இப்போது என் கருத்து. பழைய வண்டியில் கியர் விழவில்லை என்றால் வெளியிலிருந்து உள்ளே போங்கள். ஓட்டும் விதம், லீவர் இணைப்பு, க்ளட்ச், எஞ்சின் மவுண்டிங், கியர் ஆயில் எல்லாம் பார்த்த பிறகு கடைசியில்தான் கியர்பாக்ஸ். ஆயிலிலும் கவனம் வேண்டும். கண்ட கியர் ஆயிலை ஊற்றினால், சிலவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும். வண்டியின் கையேட்டில் சொன்னதையே ஊற்றுங்கள்.

கியர்பாக்ஸ் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. க்ளட்ச் சரியாக இருந்தும் ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால், ஓடும்போது கியர் தானாகக் கழன்றால், வடித்த ஆயிலில் உலோகத் துகள் மின்னினால், திறக்கத்தான் வேண்டும். தெரிந்தவர் கையால் திறக்க வேண்டும். 1911-இல் டி.வி.எஸ். தொடங்கிய ஊர் இது. வண்டி வேலை தெரிந்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன, ஆனால் நரைத்துக்கொண்டே போகின்றன.

தரை கியராக மாற்றுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. நல்லாயிருக்கும் இணைப்பை அறுத்து, தரையில் ஓட்டை போட்டு, 50 வருஷ வண்டியை இரண்டுங்கெட்டான் ஆக்குவது எதற்கு? புஷ் மாற்ற முடியும். அறுத்ததை ஒட்ட முடியாது.

இதை இவ்வளவு நீளமாக எழுத வேறொரு காரணமும் உண்டு. அந்தப் பையனின் அப்பாவிடம் 1989-இல் நான் சொன்னது: "இவனுக்குப் பிசிக்ஸ் மண்டையில ஏறாது, ஏதாவது தொழில்ல விடுங்க." ஷெட்டில் அவன் கை துடைத்துக்கொண்டிருந்தபோது அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். "எனக்கு அப்ப போர்டே தெரியாது டீச்சர். கடைசி பெஞ்சு. பட்டறைக்குப் போன பிறகுதான் கண்ணாடி போட்டேன்" என்றான்.

ஒரு வருஷம் முழுக்க என் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அடியில் குனிந்து பார்க்காமல் "கியர்பாக்ஸ் போயிருச்சு" என்று சொன்ன அந்தப் பட்டறைக்காரர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

உங்களில் ஆசிரியராக, பெற்றோராக இருப்பவர்கள் அதை மட்டும் யோசியுங்கள். ஷெட்டில் வண்டி நிற்கிறவர்கள் மாதம் இரண்டு முறையாவது வெளியே எடுங்கள். எடைக்குப் போட முடிவு செய்தால், அதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். அவனை அனுப்பிவைக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். முன் சீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் டீச்சர்