இலேசான உலோகமும் நனோக் கரியும்

தன் பாரத்தைத் தானே சுமப்பதற்கு ஊர்திகள் செலவிடும் எரிபொருள் சிறிதன்று. ஆதலின் இலேசான உலோகங்களை அறிஞர் இடையறாது தேடி வருகின்றனர். அத்தேட்டத்தில் முன்னிற்பது மகனீசியம். 1808 ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில அறிஞர் இதனைப் பிரித்தெடுத்தார். இதன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.74 கிராம், அலுமினியத்தினது 2.70, இரும்பினது 7.87. ஒரு காலத்தில் எமது வீதிகளில் ஓடித் திரிந்த வொல்க்ஸ்வாகன் 'வண்டு' காரின் இயந்திரக் கூடு மகனீசியக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டதேயாகும்.

இத்துணை நலமுடைய உலோகம் எங்கும் பரவாமை ஏன்? அதன் பளிங்குகள் அறுகோண அமைப்புடையன. ஆதலின் சாதாரண வெப்பநிலையில் எளிதில் வளைந்து கொடா. உருக்குக்குரிய வலிமையும் அதற்கில்லை. உப்பு நீர் பட்டால் விரைவில் அரிபடும்.

இக்குறைகளுள் வலிமைக் குறையைப் போக்கவே நனோக் கரியை நாடினர். 1991 இல் யப்பானிய அறிஞர் இயிஜிமா காபன் நனோக் குழாய்களை விளக்கியுரைத்தார். 2004 இல் கெயிம், நொவோசெலோவ் என்னும் இருவர் ஓரணுத் தடிப்புள்ள கிரபீன் தாளைப் பிரித்தெடுத்து, 2010 இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய கரியைச் சிறிதளவே சேர்த்துச் சீராகப் பரப்பினால், உலோக மணிகள் நுண்ணியவாகின்றன; உள்ளே நிகழும் வழுக்கல் தடைப்படுகின்றது; சுமையின் ஒரு பங்கைக் கரியும் தாங்குகின்றது.

ஆயினும், சேர்த்தல் வேறு, சேர்தல் வேறு. நனோக் கரித் துகள்கள் ஒன்றையொன்று கவர்ந்து திரள்கின்றன. உருகிய மகனீசியமோ கரியின்மேல் எளிதிற் படர்வதில்லை. இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இது புதிதன்று. இரு சொற்களை அருகருகே வைத்த மாத்திரத்தில் புணர்ச்சி நிகழ்ந்துவிடாது. திரண்ட கரி வலிமை தாராது. வெடிப்புத் தொடங்கும் இடமாகிவிடும். மிகுதியாகச் சேர்ப்பதனாற் பயனில்லை என்பதே இதனாற் பெறப்படும்.

இன்னொன்றும் உண்டு. உப்பு நீரில் கரி எதிர்மின்வாய் போல நிற்க, மகனீசியம் கரைந்து தேய்கின்றது. வலுவூட்ட வந்ததே அரிப்பை விரைவுபடுத்தவுங் கூடும். எமது கருத்து யாதெனின், வலிமையின் அளவை மாத்திரம் பறைசாற்றி, அரிப்பின் அளவைக் கூறாத ஆராய்ச்சி பாதி உண்மையே என்பதாம். மேற்பூச்சுப் பூசிக் காத்துக்கொள்ளலாம் எனச் சிலர் கூறுவர். பூச்சிற் கீறல் விழுந்தால் உள்ளேயிருக்கும் பகை விழித்துக்கொள்ளும் அன்றோ? கடல் சூழ்ந்த எமது நாட்டில் இவ்வினா மிகவும் இன்றியமையாதது. மேலும், பலசுவர் நனோக் குழாய்களுள் ஒருவகை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2014 இல் வகுத்தது. தூளைக் கையாளும் தொழிலாளியின் நுரையீரலும் கணக்கிற் சேர்க்கப்படல் வேண்டும்.

எமது நாட்டின் போகலைச் சுரங்கத்துக் காரீயம் தூய்மையாற் பெயர் பெற்றது. கிரபீனுக்கு மூலப்பொருள் அதுவே. நெடுங்காலம் அதனைத் தோண்டியெடுத்த நிலையிலேயே கப்பலேற்றி வந்தோம். மூலப்பொருள் எம்மிடம் உண்டு என்னும் பெருமிதம் மட்டும் அறிவாகாது. அதனைப் பண்படுத்தும் திறனும், குறையறிந்து சோதிக்கும் நேர்மையும் வேண்டும். பொறியியல், இரசாயனத் துறைகளில் விளங்கும் பழைய மாணவர்களே, கல்லூரி ஆய்வுகூடத்துக்கு வாருங்கள். மகனீசிய நாடாவொன்றைத் தனியாகவும், பென்சிற்கரித் துண்டொன்றுடன் தொடுத்தும் உப்பு நீரில் இட்டு, எது முன்னர் அரிபடுகின்றது என்பதை மாணவர் தம் கண்ணாற் காணச் செய்யுங்கள். புகழுரையை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கும்.